நினைவில்லத்தின் வாயிற்படி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப் புலவர் வரலாற்றில் இரட்டைப் புலவர்க்குத் தனியிடம் உண்டு. ஒருவர் கண் காணாதவர்; மற்றவர் கால் நடவாதவர். காணாதவர் தோளில் நடவாதவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்றனர் என்பதும், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தனர் என்பதும் வழிவழியாக வரும் செய்திகள். தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்தம் நூல்கள். இவ்வரலாறு நட்பின் பெருமைக்கும் புலமையின் சிறப்புக்கும் சான்றாகவே மேடைகளில் எடுத்துரைக்கப்படுகிறது. அதனுள் அடங்கிய மற்றொரு செய்தி பெரிதும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. ஒவ்வொரு வாயிலிலும் படி இருந்தது. அதைக் கடக்க நடவாதவருக்கு இருந்த வழி மற்றவர் தோள் ஒன்றே. தோள் கிடைக்காமல் வாயிலோடு திரும்பியவர் எத்தனை பேர் என்பதை எந்தத் தனிப்பாடல் திரட்டும் குறித்து வைக்கவில்லை.

அவ்விருவரும் இன்று ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கித் தொரப்பள்ளிக்குச் செல்ல விரும்பினால் அவர்களை எப்படி வரவேற்பது என்பதே இவ்வுரையின் வினா.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். அவர் பிறந்த இல்லம் இன்று அரசின் நினைவில்லமாகும். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கிய அவரை நாடு அறியும். இலக்கிய அன்பர்களுக்கோ அவர் ‘வியாசர் விருந்’தும், 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சக்கரவர்த்தித் திருமக’னும் தந்தவர். கடினமான காவியங்களை எழுத்தறிந்த எவரும் படிக்கும் உரைநடையில் இறக்கி வைத்ததே அவர் எழுத்தின் தனிச்சிறப்பு. புலமையின் உயரமான படிகளைச் சாய்தளமாக்கியவர் அவர் எனலாம். அத்தகையவரின் இல்லத்துக்குள் எவரும் தடையின்றி நுழைதல் வேண்டும் என்பது அவர் எழுத்திலிருந்தே பிறக்கும் நெறியாகும்.

பழைய கிராமத்து வீட்டின் அமைப்பை அனைவரும் அறிவர். தெருவிலிருந்து இரண்டு மூன்று படிகள், திண்ணை, குறுகிய நிலை, உயர்ந்த வாயிற்படி, உள்ளே தாழ்ந்த முற்றம், மீண்டும் ஏறும் கூடம். மழைநீர் உட்புகாமல் காத்த படியே சக்கர நாற்காலியையும் தடுத்து நிறுத்துகிறது. ஆயினும் வழிப்போக்கர் கேளாமலே அமர்ந்து இளைப்பாறத் திண்ணை கட்டியதும் இதே மரபுதான். வருவோர்க்கு இடமளித்தல் இவ்வீடுகளுக்குப் புதிதன்று.

பழமையில் கை வைக்கலாமா என்னும் தடை இங்கே எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. படியை இடிப்பதும் நிலையை அறுப்பதும் நினைவையே அழிப்பதாகும். ஆனால் சுவரைத் தொடாமல், வேண்டும்போது வைத்து வேண்டாதபோது எடுக்கத்தக்க மரச் சாய்தளமோ இரும்புச் சாய்தளமோ அமைக்க இயலும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அதற்குரிய பொது அளவு. முன்புறம் அவ்வளவு இடமில்லையெனில் பக்கவாயில் உதவும். அப்பொழுது அவ்வாயிலையே எல்லார்க்கும் உரிய வழியாக ஆக்குதல் வேண்டும். சிலரை மட்டும் புறவாயில் வழியே அழைப்பது விருந்தோம்பல் ஆகாது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையையும் இராயக்கோட்டையையும் சாய்தளமாக்குதல் அரிது என்பது உண்மையே. ஆயினும் குன்றின்மேல் நிற்கும் கோட்டைக்குரிய சமாதானத்தைத் தெருவோரத்து வீட்டுக்குச் சொல்லுதல் பொருந்தாது.

செய்ய முடியும் என்பதற்குச் சான்று வெளியில் தேட வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தபோது, அவர் சக்கர நாற்காலி செல்வதற்காகக் குதுப் மினார் முதலிய நினைவுச் சின்னங்களில் மரச் சாய்தளங்கள் அமைக்கப்பெற்றன. அவர் சென்ற பின் அவை அகற்றப்பட்டன. அறிஞர் ஒருவருக்குச் சில நாளில் முடிந்தது, பெயரறியாத குடிமக்களுக்கு மட்டும் ஏன் முடியாமற் போகிறது? தடை கல்லில் இல்லை, கருத்தில் இருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

கால் நடவாதவருக்குச் சாய்தளம் உதவும். கண் காணாதவருக்கு யாது உதவும்? இதற்கு விடை இராஜாஜி எழுதிய பாரதக் கதைக்குள்ளேயே உள்ளது. திருதராட்டிரன் போர்க்களம் காண இயலாதவன். சஞ்சயன் தன் சொல்லால் களத்தை அவன்முன் நிறுத்தினான். நினைவில்லத்துக்கும் ஒரு சஞ்சயன் தேவை. சுவரில் தொங்கும் நிழற்படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டில் எடுத்தது, அவர் முகம் எதைக் காட்டுகிறது என்று சொல்லும் குரல் வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில் அக்குரல் பல மொழிகளிலும் அமைதல் நலம். ‘தொடாதீர்’ என்னும் பலகைகளுக்கு நடுவே தொட்டறியத்தக்க மாதிரி ஒன்றும், பிரெயில் எழுத்தில் குறிப்பும், காது கேளாதோர் படித்தறியத் தெளிவான எழுத்துரையும் வேண்டும்.

சட்டம் இதனைச் சலுகையாகக் கருதவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருளாதார வரம்புக்குட்பட்டு என்னும் தயக்கத்தோடு பொதுக் கட்டடங்களில் சாய்தளம் பற்றிப் பேசிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அத்தயக்கத்தை விடுத்து, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு ஐந்தாண்டுக் கெடு விதித்தது. மாற்றுத்திறனுடைய எழுத்தாளர்க்கும் கலைஞர்க்கும் ஆதரவளிக்குமாறு பணிப்பதும் அச்சட்டமே. 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடாமல் கட்டாய விதிகளாதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தமிழக அரசு 2010இலேயே ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தது. சொல் மாறியது நன்று. சொல்லைத் தொடர்ந்து படியும் மாறினால்தான் அச்சொல் மெய்யாகும்.

ஓசூர்த் தொழில் நகரம் இவ்வகையில் முன்னோடி எனலாம். இங்குள்ள டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை தன் தொடக்கக் காலந்தொட்டே உடற்குறையுடையோரைப் பணியில் அமர்த்தியது. மயிரிழையளவு பிழையும் பொறுக்காத வேலையை அவர்கள் செய்து காட்டினர். உழைப்புக்கு அவர்களை உள்ளே அழைத்த ஊர், வரலாற்றுக்கும் கவிதைக்கும் அழைக்கத் தயங்கலாகாது. வார விடுமுறையில் ஒரு தொழிலாளி தன் குழந்தையோடு நினைவில்லம் வந்து, குழந்தை உள்ளே செல்லத் தாம் மட்டும் திண்ணையருகே காத்திருக்க நேர்ந்தால், அது அவர் காலின் குறையன்று, படியின் குறையே.

இதில் இலக்கிய வட்டத்துக்கு ஒரு பணி உண்டு. சாய்தளம் கட்டுவது அரசின் கடமை. சஞ்சயன் ஆவது கவிஞர்களுக்கு இயலும். நினைவில்லத்தின் ஒவ்வொரு படத்துக்கும் பொருளுக்கும் காணாதவர் காணத்தக்க சொற்சித்திரம் எழுதி, பார்வையற்ற வாசகரிடம் படித்துக் காட்டி, அவர் திருத்தம் பெற்று, அரசிடம் அளிக்கலாம். உவமையாலும் அணியாலும் மூடாமல் உள்ளதை உள்ளவாறு சொல்லும் அப்பயிற்சி கவிதைக்கும் நன்மை தரும். அதற்கு முன், வட்டத்தின் கூட்டங்கள் மாடியில் நடைபெறுகின்றனவா, தரைத்தளத்தில் நடைபெறுகின்றனவா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. படியேற இயலாத கவிஞர் ஒருவர் அழைப்பிதழைப் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாராயின், அவர் வராமை வருகைப் பதிவேட்டில் தெரிவதில்லை.

இரட்டைப் புலவர் ஒருவர் தோளை ஒருவர் நம்பி நடந்தனர். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டம் அத்தகைய தோளாகட்டும். தோளே வேண்டாத வாயில்கள் அமையும்வரை அப்பணி தொடரட்டும்.