கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும்

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் மேலுக்குச் சிறியதாகத் தோன்றும். கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஏற்றும்போது அது நம்மைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்கிறது. அந்தக் கேள்விகளின் வாசகத்தை எழுதுவது யார்? திருத்துவது யார்? ஏன் திருத்த வேண்டும்? இதுதான் விஷயம்.

"வாசகத்தில் என்ன இருக்கிறது, வேலை நடந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். படித்துக் காட்டாத தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களை நாம் அறிவோம். அவர்களிடம் போய் வாசகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க முடியுமா?

டெபியன் என்பது என்ன?

டெபியன் என்னும் கம்ப்யூட்டர் அமைப்பை 1993-ல் இயான் மர்டாக் என்பவர் தொடங்கினார். அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல. பல நாடுகளைச் சேர்ந்த தொண்டர்கள் கூடி நடத்துகிறார்கள். அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதில் பல்லாயிரம் பேக்கேஜுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரு பராமரிப்பாளரோ ஒரு குழுவோ கவனித்துக்கொள்கிறது.

பேக்கேஜ் ஏறும்போது கேள்வி கேட்கும் வேலையை 'டெப்கான்ஃப்' என்னும் கருவி செய்கிறது. ஜோயி ஹெஸ் என்பவர் 1999-ல் எழுதத் தொடங்கியது அது. கேள்வியின் வாசகத்தைப் பராமரிப்பாளர் எழுதிக் கொடுக்கிறார். திரையில் காட்டுவது டெப்கான்ஃப். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முக்கியத்துவம் உண்டு: தவிர்க்க முடியாதது, உயர்ந்தது, நடுத்தரம், தாழ்ந்தது என நான்கு படிகள். சாதாரணமாக மேல் இரண்டு படிகளில் உள்ள கேள்விகள் மட்டுமே நம் முன் வரும். மற்றவற்றுக்கு முன்கூட்டியே வைத்த பதில் எடுத்துக்கொள்ளப்படும்.

ஆகவே நம் முன் வரும் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. மைஎஸ்க்யூஎல் என்னும் பேக்கேஜைப் பாருங்கள். தகவல்களைச் சேர்த்து வைத்து நிர்வகிப்பது அது. அதை அடியோடு நீக்கும்போது, சேர்த்து வைத்த தகவல்களையும் அழித்துவிடலாமா என்ற கேள்வி வருவதுண்டு. புதிய பதிப்பை ஏற்றுவதற்காகப் பழையதை நீக்குகிறவர் தகவல்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விளக்கமும் கூடவே வரும். இந்தக் கேள்வியை "பழையதைச் சுத்தம் செய்யலாமா?" என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? சுத்தம் நல்லதுதானே என்று ஒரு சங்கத்தின் எழுத்தர் சம்மதம் சொல்லிவிடுவார். பல வருஷச் சந்தாக் கணக்கு ஒரு நொடியில் போய்விடும். குற்றம் அவருடையதா, கேள்வி எழுதியவருடையதா?

திருத்தும் முறை

டெபியனில் இதற்கென்று விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவதாக, "ஆம் என்று சொன்னால்" என்று எழுதக்கூடாது. ஏன்? ஒரே கேள்வி ஒருவர் திரையில் 'ஆம், இல்லை' என்று வரும். இன்னொருவர் திரையில் 'ஆம்' என்பதே இராது, டிக் போட ஒரு கட்டம்தான் இருக்கும். எல்லோருக்கும் பொருந்தும்படி எழுத வேண்டும்.

இரண்டாவதாக, "நான் இதைச் செய்யப் போகிறேன்", "நாங்கள் சிபாரிசு செய்கிறோம்" என்று எழுதக்கூடாது. கம்ப்யூட்டர் ஒரு மனிதர் அல்ல. மேடையில் நின்று நாம் 'நாம்' என்கிறோம். எதிரே இருக்கிற நீங்கள் எங்களை மறித்துக் கேட்கலாம். திரையை அப்படிக் கேட்க முடியாது.

மூன்றாவதாக, தலைப்புக் கேள்வி சுருக்கமாக இருக்க வேண்டும். விளக்கம் அதையே திருப்பிச் சொல்லாமல், எதைத் தேர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும்.

இந்த விதிகளின்படி வாசகங்களைப் பரிசீலிக்க, 'ஸ்மித்' என்ற பெயரில் 2007-ல் ஒரு கூட்டு வேலை தொடங்கியது. அதன் முறை கவனிக்கத்தக்கது. இந்தப் பேக்கேஜைப் பரிசீலிக்கப் போகிறோம் என்று முதலில் பராமரிப்பாளருக்குத் தெரிவிப்பார்கள். பிறகு திருத்திய நகலைப் பகிரங்கமாக வைத்து அபிப்பிராயம் கேட்பார்கள். கருத்துச் சொல்லக் கடைசி வாய்ப்பு என்று மீண்டும் ஒரு தடவை அறிவிப்பார்கள். அதன் பிறகுதான் திருத்தம் பராமரிப்பாளர் கைக்குப் போகும்.

இது பராமரிப்பாளரை அவமதிப்பதல்லவா? இல்லை, தோழர்களே. இயந்திரத்தைப் பூட்டியவருக்கு அதன் ஒவ்வொரு திருகும் தெரியும். அதனாலேயே, புதிதாக வருகிறவருக்கு என்ன தெரியாது என்பது அவர் கண்ணில் படாமல் போகிறது. அதைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் நிலை

இங்கிலீஷ் தெரியாதவர் என்ன செய்வார்? இந்த வாசகங்களைப் பல மொழிகளில் பெயர்க்கிறார்கள். டெபியனை நிறுவும் புரோகிராமுக்குத் தமிழ் வாசகமும் உண்டு. ஆனால் இங்கிலீஷ் மூலத்தில் ஒரு வாக்கியம் மாறினால், அதன் பழைய மொழிபெயர்ப்பில் 'சந்தேகத்துக்குரியது' என்ற குறி விழும். மறுபடி சரிபார்க்கும்வரை திரையில் இங்கிலீஷ்தான் வரும். மூலத்தை வாரம் ஒரு தடவை மாற்றினால், இரவில் கண் விழித்து மொழிபெயர்த்தவர்களின் உழைப்பு வீணாகும்.

ஆகவேதான் வரிசை முக்கியம். முதலில் மூலத்தைச் செம்மையாக்க வேண்டும். பிறகு எல்லா மொழிக்காரர்களையும் அழைத்து, அவகாசம் கொடுத்து, மொழிபெயர்ப்புகளைப் பெற வேண்டும். அதன் பின்பே பேக்கேஜை வெளியிட வேண்டும்.

தோழர்களே, இந்த வேலைக்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தைப் படித்து, "இது புரியவில்லை" என்று கூச்சப்படாமல் சொல்லத் தெரிந்தால் அதுவே தொடக்கம். நம் பிள்ளைகள் பலர் இன்று கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். புரியாத கேள்வி வந்தால், "எனக்கு அறிவில்லை" என்று அவர்கள் தலைகுனியக்கூடாது. கேள்வி சரியில்லையா என்று முதலில் பார்க்கட்டும். சரியில்லை என்றால் திருத்தி எழுதி அனுப்பட்டும். டெபியனில் அதற்கு வழி திறந்திருக்கிறது.