மூடிக்கொள்ளும் மட்டிக்குள்ளே என்ன நடக்கிறது?

(கடலோரக் குழுக்களின் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ மட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். "மட்டியைப் பற்றி எங்களுக்கே பாடமா?" என்று பின்வரிசையில் சிரிக்கிறீங்க. நியாயம்தான். முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மட்டி எடுக்கிறவங்களுக்கு அதை எடுக்க நாங்கள் சொல்லித்தர முடியாது. நாங்கள் சொல்ல வந்தது அதோட நரம்பைப் பற்றி. அதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது.

தட்டினால் மூடிக்கொள்ளும் மட்டி உயிரோடு இருக்கு, வாயைப் பிளந்தே கிடந்தால் செத்தது, தூக்கி எறி. இது உங்க அம்மா, பாட்டி காலத்திலிருந்து வருகிற பழக்கம், சரியான பழக்கம். அதற்குக் காரணம் இதுதான். இரண்டு ஓடும் சேரும் இடத்தில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை இருக்கிறது. அது ஓட்டை எப்போதும் திறக்கப் பார்க்கும். உள்ளே இருக்கிற தசை இழுத்து மூடும். செத்தால் தசை விட்டுவிடும், ஓடு திறந்துகொள்ளும்.

மட்டிக்கு நம்மைப் போல மூளை கிடையாது. மூன்று ஜோடி நரம்பு முடிச்சுகள்தான். ஆனாலும் நரம்பு தசைக்குத் தகவல் சொல்லுகிற முறை நம்ம உடம்பில் உள்ளது போலத்தான். நரம்பு முனையிலிருந்து ஒரு ரசாயனம் துளியளவு வெளியே வந்து தசையைத் தொடும். 'இழு' என்று சொல்வது அசிட்டைல்கோலின். ஒரு தடவை இழுத்த பிடியை மட்டி மணிக்கணக்காக விடாமல் வைத்திருக்கும், அதற்குச் செலவாகும் சக்தியும் ரொம்பக் குறைவு. நம்மால் தண்ணீர்க் குடத்தை அப்படிப் பிடிக்க முடியுமா? அந்தப் பிடியை 'விடு' என்று சொல்லும் ரசாயனம் செரோட்டோனின்.

இதைக் கண்டுபிடித்தது ஒரு பெண். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்த பெட்டி ட்வாரோக். பாறையில் நாரால் ஒட்டி வளரும் கடல் சிப்பியை எடுத்து, அந்த நாரை இழுத்துப் பிடிக்கும் தசையில் சோதித்துப் பார்த்தார். ஓட்டை மூடும் தசைக்கும் அதே குணம்தான். 1952-ல் எழுதி அனுப்பிய அந்த ஆய்வு 1954-ல்தான் அச்சில் வந்தது. சிப்பியில் இருக்கிற செரோட்டோனின் பாலூட்டிகளின் மூளையிலும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தேடினார், இருந்தது. இர்வின் பேஜ் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1953-லேயே அதை வெளியிட்டார். இன்றைக்கு மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரைகளில் பல, இந்த செரோட்டோனின் மேல்தான் வேலை செய்கின்றன. ஒரு சிப்பியில் தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

சிப்பியின் செவுளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் அசைந்து தண்ணீரை உள்ளே தள்ளுகின்றன. அந்த அசைவை செரோட்டோனின் வேகப்படுத்தும், டோபமின் என்ற இன்னொரு ரசாயனம் மட்டுப்படுத்தும். இப்படி ஒரே நாளில் பல லிட்டர் தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளைத் தின்கிறது.

இங்கேதான் ஆபத்து. அந்தப் பாசிகளில் சிலவற்றில் சாக்சிடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். வடிகட்ட வடிகட்ட நஞ்சு மட்டிக்குள்ளே சேரும். நம்ம உடம்புக்குள் அது வந்தால் நரம்பில் ஓடும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் நின்றால் நரம்பு முனையில் ரசாயனம் வெளியே வராது, தசைக்குத் தகவல் போகாது. மூச்சு இழுக்கிற தசைக்கும்தான்.

அப்படியானால் மட்டி ஏன் சாகவில்லை என்று கேட்பீங்க. அதையும் அதே ட்வாரோக் தன் சக ஆய்வாளர்களோடு பார்த்து 1972-ல் எழுதினார். பல சிப்பி, மட்டி இனங்களின் நரம்புகள் இந்த நஞ்சைத் தாங்கிக்கொள்ளும். அதனால் நஞ்சேறிய மட்டியும் தட்டினால் டக்கென்று மூடும், பார்க்க நல்லாவே இருக்கும். பாட்டி சொன்ன சோதனை செத்த மட்டியைக் காட்டிக் கொடுக்கும், நஞ்சைக் காட்டாது.

இது எங்கேயோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 1981-ல் நம்ம தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள், 80 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

வேகவைத்தால் போய்விடும் என்பார்கள். போகாது. புளி, மஞ்சள் போட்டாலும் போகாது. ருசியிலும் வாசனையிலும் தெரியாது. தண்ணீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் அங்கே எடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். நிறம் மாறாத தண்ணீரிலும் நஞ்சுப்பாசி இருக்கலாம் என்பதால் அடையாளத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயோ சில மணி நேரத்திலேயோ உதடு, நாக்கு, விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கும், மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும், பேச்சுக் குளறும். "பித்தம், படுத்தால் சரியாயிடும்" என்று படுக்க வைக்காதீங்க. இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் மருத்துவமனையில் செயற்கை மூச்சு கொடுத்து, நஞ்சு உடம்பை விட்டுப் போகும்வரை ஆளைக் காப்பாற்றி வைக்க முடியும். உடனே 108-க்குப் போன் போடுங்க. மட்டி சாப்பிட்டதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்க. சட்டியில் மிச்சம் இருந்தால் கொட்டாமல் கையோடு எடுத்துப் போங்க. அன்றைக்கு அதே இடத்து மட்டியை வாங்கிப் போன வீடுகளுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்க.