கல்லில் நின்ற ஈரடிகள்



இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் ஸ்காப்விக் என்றொரு சிற்றூர் உண்டு. இரண்டாம் உலகப்போரில் மாண்ட விமானப் படையினர் பலர் அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். அவருள் ஒருவர் ஜான் கில்லெஸ்பி மகீ. அவருடைய கல்லில் பெயரோடும் நாளோடும் ஒரு கவிதையின் முதலடியும் ஈற்றடியும் பொறிக்கப்பட்டுள்ளன. கவிதை அவரே இயற்றியது.

மகீ 1922இல் ஷாங்காயில் பிறந்தவர். தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர். அமெரிக்கா போரில் இறங்குமுன்னரே, 1940இல், கனடிய விமானப் படையில் சேர்ந்தார். 1941 செப்டம்பரில் பெற்றோர்க்கு விடுத்த மடலோடு பதினான்கடிக் கவிதையொன்றை அனுப்பினார். முப்பதாயிரம் அடி உயரத்தில் தொடங்கி, தரையிறங்கியபின் முடித்தது என்று அம்மடலிலேயே குறித்தார். அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று, மேகத்தினூடே இறங்கிய அவருடைய ஸ்பிட்ஃபயர் பயிற்சி விமானமொன்றோடு மோதியது. அப்போது அவர்க்கு வயது 19. மற்ற விமானத்தின் இளைஞரும் மாண்டார்.

அக்கவிதையில் பகைவன் இல்லை, போர்க்களம் இல்லை. பறத்தலின் களிப்பே உண்டு. ஆயினும் படிப்போர் அதில் சாவின் முன்னறிவிப்பைத் தேடுகின்றனர். 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் மாண்ட நாளில், அமெரிக்க அதிபர் ரீகன் தம் இரங்கலுரையை அக்கவிதையின் சொற்களைக் கொண்டே முடித்தார். களிப்பில் பிறந்த பாட்டு கையறுநிலைப் பாட்டாக மாறிற்று.

இங்கே நாம் எண்ண வேண்டியது ஒன்று உண்டு. பாடியவரின் சாவு பாட்டின் பொருளைக் கனக்கச் செய்யும். அதன் தரத்தை உயர்த்தாது. இரக்கத்தால் மட்டும் ஒரு பாட்டைப் போற்றுவது பாடியவர்க்கு நாம் செய்யும் சிறுமையே. கல்லில் ஈரடிகளுக்கே இடம் கிடைத்தது. இடையில் நின்ற பன்னிரண்டடிகளில்தான் அவர் பறந்த வானம் இருக்கிறது. அவற்றையும் படித்தபின்னரே அவரைக் கவிஞரென மதிக்க நமக்கு உரிமை உண்டு.

நடுகல் என்னும் சொல்லை அறிந்தவர் நாம். கல் பெயரைக் காக்கும். பாட்டு உயிர்ப்பைக் காக்கும். ஆனால் அன்று வானில் மாண்டவர் இருவர். பாட்டின் வழியே நாம் அறிவது ஒருவரை மட்டுமே. பாடாது மறைந்த மற்றவர்க்காக எவர் எழுதுவார்? எழுதுகோல் ஏந்திய நம் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் வினா அது. அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் அதற்கு விடை தேடட்டும்.