கவிஞன் படித்த பள்ளி

ரஷ்யக் கவிஞர் அலெக்சாந்தர் புஷ்கின் மறைந்து 100 ஆண்டுகள் நிறைவடைந்தது 1937இல். அதையொட்டி லெனின்கிராடில் இருந்த லென்ஃபிலிம் ஸ்டூடியோ ஒரு படம் எடுத்தது. பெயர் 'கவிஞனின் இளமை'. இயக்குநர் ஆப்ராம் நரோதீத்ஸ்கி. காதல், நாடுகடத்தல், துப்பாக்கிச் சண்டையில் வந்த மரணம் என்று படமாக்கத் தோதான கட்டங்கள் புஷ்கின் வாழ்க்கையில் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் விட்டு, அவர் பள்ளியில் படித்த காலத்தை எடுத்துக்கொண்டார்கள். அருமையான தேர்வு.

பீட்டர்ஸ்பர்க்குக்கு அருகே ஜார்ஸ்கோயே செலோ. அங்கே ஜார் மன்னரின் அரண்மனையை ஒட்டியே லைசியம் என்ற அந்தப் பள்ளி 1811 அக்டோபரில் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்கள் 30 பையன்கள். புஷ்கினுக்கு அப்போது 12 வயது. ஆறு வருடப் படிப்பு. விடுமுறைக்குக்கூட வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளை அடிப்பதில்லை. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

ஆளுக்கொரு சின்ன அறை, இரும்புக் கட்டில். 14ஆம் எண் அறை புஷ்கினுடையது. பக்கத்து 13ஆம் எண்ணில் இவான் பூஷின். நடுவே ஒரு தடுப்புதான். பகலில் வாய்தவறி எதையாவது சொல்லிவிட்டு, ராத்திரி அதையே நினைத்துப் புஷ்கின் தவிப்பாராம். எல்லோரும் தூங்கிய பிறகு, தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லப் பேசித் தேற்றுவாராம் பூஷின். அவரே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

கணக்கு வாத்தியார் கார்த்சோவ் ஒருநாள் அல்ஜீப்ரா கணக்கைக் கொடுத்துப் புஷ்கினைக் கரும்பலகைக்கு அனுப்பினார். பையன் நெடுநேரம் எதையோ எழுதிக்கொண்டே நின்றான். "விடை என்ன?" என்று கேட்டார். "பூஜ்யம்" என்றான் சிரித்துக்கொண்டே. "என் வகுப்பில் உனக்கு எல்லாமே பூஜ்யத்தில்தான் முடிகிறது. போய் உட்கார்ந்து கவிதை எழுது" என்றார். அந்த வாத்தியாரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

1815 ஜனவரியில் விருந்தினர் முன்னிலையில் தேர்வு. முதுபெரும் கவிஞர் தெர்ஷாவின் வந்திருந்தார், வயது 71. தேர்வு நீண்டுகொண்டே போக, கண் அயர்ந்துவிட்டார். ரஷ்ய இலக்கியம் வந்ததும் விழித்துக்கொண்டார். அவருக்கு இரண்டடி தள்ளி நின்று, 15 வயதுப் புஷ்கின் தன் கவிதையைப் படித்தான். முடித்ததும் ஓட்டமாய் ஓடிவிட்டான். கிழவர் அவனைக் கட்டியணைக்கத் தேடினார், ஆள் கிடைக்கவில்லை.

இந்தப் பள்ளியைத்தான் அந்தப் படம் திரைக்குக் கொண்டுவந்தது. அது வெளிவந்த காலத்தையும் மறக்கக் கூடாது. புஷ்கினுக்கு நாடெங்கும் விழா எடுத்த அதே சோவியத் அரசு, அதே நேரத்தில் கவிஞர் மந்தெல்ஷ்தாமை வரோனெஷ் நகருக்கு நாடுகடத்தி வைத்திருந்தது. மறு ஆண்டு அவர் கைதிகள் முகாமில் இறந்தார். இறந்த கவிஞருக்கு மாலை, இருக்கும் கவிஞருக்குச் சிறை. இந்த அநியாயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் பாருங்கள். புஷ்கினாக நடித்தவன் தொழில்முறை நடிகன் அல்ல, மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த பள்ளி மாணவன். பெயர் வாலந்தீன் லித்தோவ்ஸ்கி. 1941இல் ஜெர்மனி படையெடுத்தபோது போர்முனைக்குப் போனான். அந்த ஆண்டே உயிரிழந்தான்.