பேட்ஜ் எண்ணாத கணக்கு

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்ட இந்த நவம்பர் 8-ஆம் நாளில், எக்ஸ்ரே அறையிலிருந்தும் கேத் லேபிலிருந்தும் வந்து கூடியிருக்கும் தோழர்களே, தோழியரே!

நம் நெஞ்சில் குத்தியிருக்கும், கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு உள்ளே துடிப்பது இதயம். கதிர்வீச்சு என்றால் புற்றுநோய் என்றே பயந்து பழகிவிட்டோம். இதயத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வைத்தவர்களில் ரஷ்யத் தொழிலாளர்கள் உண்டு. யூரல் பகுதியில், ஓசியோர்ஸ்க் நகரத்து மாயாக் ஆலையில், 1948 முதல் அணுகுண்டுக்காகப் புளூட்டோனியம் எடுத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அவர்கள் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு கொஞ்சநஞ்சமல்ல. 22,000-க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, கதிர்வீச்சின் அளவு ஏற ஏற, இதய ரத்தக்குழாய் நோயும் ஏறியிருந்தது. புகையையும் மதுவையும் கணக்கில் எடுத்த பின்னும் அது மறையவில்லை.

பயமுறுத்த நான் வரவில்லை. நமக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். நம்மில் பெரும்பாலோர் வாங்குவது அதில் சிறு பங்குதான். ஆனால் அதைச் சொல்ல பேட்ஜ் நம் மேல் இருக்க வேண்டுமே! கதவோரம் ஆணியில் தொங்கும் ஈய ஏப்ரனிலேயே மூன்று மாதமும் கிடந்த பேட்ஜ், சுவரின் கணக்கைத்தான் சொல்லும். ஏப்ரனை மாட்டுங்கள், ஈயக் கண்ணாடித் தடுப்பை இழுத்து வையுங்கள், முடிந்தவரை தள்ளி நில்லுங்கள். தூரம் இரு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒரு பங்காகக் குறையும்.

பேட்ஜ் எண்ணாத கணக்கும் ஒன்று இருக்கிறது. பீடி, சிகரெட், பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, நைட் டியூட்டியில் கெட்ட தூக்கம். மாரடைப்புக்கு வாசல் திறப்பவை பெரும்பாலும் இவைதான். இந்தக் கணக்கை எழுத வேண்டியவர்கள் நாமே. வருடாந்தர மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது, பிரஷரையும் சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நிர்வாகத்தாரே, பேட்ஜ் அறிக்கையை பீரோவில் பூட்டாமல் அவரவர் கையில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சு இறுகி, வலி இடது கைக்குப் பரவி, வேர்த்துக் கொட்டினால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். வீட்டில் இருந்தால் 108. டியூட்டியில் இருந்தால் அந்த நிமிஷமே ஈசிஜி. அடைத்த குழாய் திறக்கும்வரை எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறோம். தாமதத்தின் விலை நமக்குத் தெரியும். அந்த அறிவு நம் வீட்டாருக்கும் பயன்படட்டும்.