தெரு யாருக்குச் சொந்தம்?

ஒரு புதுக் காரியத்தைச் செய்து பார்ப்பதற்கு முன்பே “ஊர் கெட்டுவிடும்” என்று கூச்சல் போடுவது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய குணமென்று நாம் நினைத்துவிடக் கூடாது. படிப்பிலும் பணத்திலும் மேலான ஸ்வீடன் தேசத்துத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமிலும் இக்கூச்சல் கிளம்பிற்று. அது எப்படி அடங்கிற்று என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

ஸ்டாக்ஹோம் தீவுகளின் மேல் கட்டப்பட்ட பட்டணம். பாலங்கள் வழியாகத்தான் பெரும்பாலோர் உள்ளே வரவேண்டும். காலையிலும் மாலையிலும் மோட்டார்கள் நெருக்கி, பஸ்ஸும் நகர முடியாமல், நடப்பவன் புகையை விழுங்கும்படி ஆயிற்று. ஆகவே, நடுநகருக்குள் மோட்டாரில் வந்தாலும் வெளியே போனாலும் வரி என்று ஏற்பாடு செய்தார்கள். வெறும் வரி போட்டு விட்டுச் சும்மா இருக்கவில்லை. முன்னதாகவே, 2005 ஆகஸ்டில், சுமார் 200 புது பஸ்களை ஓடவிட ஆரம்பித்தார்கள். பிறகு 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை பரீட்சை நடந்தது. நேரத்திற்குத் தக்கபடி 10, 15, 20 குரோனர். நாளொன்றுக்கு 60-க்கு மேல் இல்லை. இரவிலும் சனி, ஞாயிறிலும் வரி கிடையாது.

ஜனங்கள் என்ன சொன்னார்கள்? வரிக் கொள்ளை என்றார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். பத்திரிகைகள் ஜோசியம் சொல்ல ஆரம்பித்தன. ஆதரித்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினரே.

நடந்தது என்ன? எல்லை கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஐந்தில் ஒன்று போனதற்கே நெரிசல் வெகுவாய்த் தணிந்தது. தலைதட்டி நிறைந்த படியில் மேலே போடும் கைப்பிடி அரிசிதானே கீழே சிந்துகிறது? தெருவும் அப்படித்தான். புகையும் குறைந்தது, கடைகளும் மூடிப்போகவில்லை. பரீட்சை முடிந்து வரியை நிறுத்தியதும் வண்டிகள் மறுபடியும் பெருகின. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

2006 செப்டம்பர் 17-ல் ஓட்டெடுத்தார்கள். நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் வேண்டுமென்றார்கள். தாங்களும் ஓட்டெடுத்த சுற்றூர்க்காரர்களில் பெரும்பாலோர் வேண்டாமென்றார்கள். வெளியிலிருந்து தினம் வந்து போகிறவன், “நாங்கள் கட்டும் பணம் எங்கே போகும்?” என்று கேட்டால் அது மூடத்தனமல்ல, நியாயமான கேள்வி. அதற்குக் கணக்குக் காட்டுவது சர்க்காரின் கடமையாகும். 2007 ஆகஸ்டு 1 முதல் வரி நிரந்தரமாயிற்று. சில வருஷங்களில் ஆதரிப்போர் மூன்றில் இரண்டு பங்கானார்கள். வேடிக்கை என்னவென்றால், மனம் மாறியவர்களில் பலர், தாங்கள் ஆதியிலிருந்தே ஆதரித்து வந்ததாக நினைத்துக்கொண்டிருப்பதுதான்!

தோழர்களே! நம் ஊர்களில் நடைபாதையைப் பெருக்கினாலும் பஸ்ஸுக்குத் தனி வழி விட்டாலும் இதே கூச்சல் வரும். அப்பொழுது கூச்சலையும் நம்ப வேண்டாம். உத்தியோகஸ்தர் வாக்கையும் நம்ப வேண்டாம். “முதலில் பஸ் விடு, நாள் குறித்துச் செய்து பார், எண்ணிக் கணக்கை வெளியிடு, பிறகு எங்களைக் கேள்” என்று சொல்லுங்கள். வண்டியில்லாதவனும் வரி கொடுத்துப் போட்ட தெரு அது. குழந்தையும் கிழவியும் பயமின்றிக் கடக்க முடியாத தெருவைப் பொதுத்தெரு என்று சொல்வது வெறும் பேச்சேயாகும் என்று கூறி, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.