வேலையின்மைக் கணக்கும் யாழ் நகரின் நிலையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



யாழ் நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வேலையற்றோர் தொகை பெருகுகின்றதா, அருகுகின்றதா என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அரசாங்கக் கணக்கு இதற்கு நூற்றுவீதமொன்றை விடையாகக் காட்டும். அவ்வீதம் எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரேயொரு மணி நேரம் உழைத்தவனும் வேலையுள்ளவனே. தந்தையின் தோட்டத்தில் கூலியின்றி வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் மகனும் வேலையுள்ளவனே. வேலை தேடிச் சலித்து வீட்டோடிருந்துவிட்ட பட்டதாரிப் பெண்ணோ வேலையற்றோர் பட்டியலிற் சேரமாட்டாள். கடல் கடந்து போய்விட்டவன் எப்பட்டியலிலும் இல்லை. யாழ் மாநகர எல்லைக்குள் 1981இல் ஏறக்குறைய 1,18,000 பேர் வாழ்ந்தனர். போருக்குப் பின், 2012இல் எடுத்த கணக்கிலே சுமார் 88,000 பேரே காணப்பட்டனர். ஆட்கள் அகன்றமையால் வேலையற்றோர் தொகை குறையுமாயின், அதனை வளர்ச்சியென்று கூற எவருக்கு மனம் வரும்?

'அரைக் காசு வேலையானாலும் அரண்மனை வேலை' என்று நாம் நெடுங்காலம் நம்பியிருந்தோம். தோட்டத்தை ஈடுவைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்தோம். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் அந்த உத்தியோகக் கதவை ஒடுக்கியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழகக் கதவையும் ஒடுக்கியது. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போர்க்காலத்தில் அழிந்தது. கைத்தொழில் வளரும் முன்னரே அதன் வேர் அறுந்தது.

ஆயினும் நம் இளைஞர் மண்வெட்டி பிடிக்க நாணுவோர் என்னும் பழியை நாம் ஏற்கமாட்டோம். 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது நடந்தது என்ன? படித்த வாலிபர் விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் சென்று காடு திருத்தினர். பயிருக்கு விலை இருந்தது. ஆகவே உழைக்க ஆள் இருந்தது. 1977இன் பின் இறக்குமதிக்குக் கதவு திறக்கவே விலை வீழ்ந்தது. தோட்டத்தில் விலை வீழ்ந்தால் நகரத்தில் கடையும் பட்டறையும் ஓய்கின்றன. நகரத்து வேலையின்மையின் ஒரு வேர் கிராமத்திலேயே இருக்கின்றது.

2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். 2020இல் நாடெங்கும் பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தனர். இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள், 2022 ஏப்ரலில், நாடு வெளிக்கடனை இறுக்க இயலாது நின்றது. கருவூலம் வெறுமையானபின் நியமனக் கடிதம் எங்கிருந்து வரும்? அரசாங்க உத்தியோகத்தில் நமக்குரிய பங்கைக் கேட்பது நம் உரிமை; அதனை ஒருபோதும் கைவிடோம். ஆனால் அதனை மாத்திரம் நம்பி ஒரு தலைமுறையைக் காத்திருக்க வைத்தல் அறிவுடைமையன்று.

ஆகவே இரண்டு கருமங்களைச் செய்வோம். முதலாவது, நமது கணக்கை நாமே எடுப்போம். ஊர்தோறும் எத்தனை பிள்ளைகள் உழைக்கின்றனர், எத்தனை பேர் காத்திருக்கின்றனர், எத்தனை பேர் போய்விட்டனர் என்பதைக் கிராமச் சங்கங்கள் எழுதட்டும். ஆசிரியரும் எழுதுவினைஞரும் அதற்குக் கைகொடுக்கட்டும். இரண்டாவது, அறுவடைக் காலத்தில் அயல்நாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் இறக்கி நம் விலையை வீழ்த்தாதிருக்கவும், விளைவதை இங்கேயே பதப்படுத்தும் ஆலைகள் எழவும் ஒருமித்துக் கோருவோம். அவ்வாலையில் கமக்காரனின் விளைவுக்கு விலையும் கிடைக்கும். பொறியியலும் கணக்கியலும் பயின்ற அவன் பிள்ளைக்கு வேலையும் கிடைக்கும்.

வீதம் குறைந்ததென்று எவரேனும் கூறும்போது, ஆட்கள் எங்கே என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை நாம் ஓயோம்.